நீலப் பொத்தான் வைத்த இடம்

எழுந்திருக்கும்போதெல்லாம், உட்கார்ந்த இடத்தில் ஒரு நீலப் பொத்தானை வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். வீட்டில், ஜன்னலோரத்து மர பெஞ்சில் நாலு பேர் தாராளமாக உட்காரலாம். அவருக்கு அந்த ஒரு சாண் இடம்தான் வேண்டும். திரும்பி வந்ததும் பொத்தானை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அதே இடத்தில் அமர்வார்.

கோல்ஃப் ஆடிச் சம்பாதிப்பவரின் தொழில் புத்தி அது. குழிக்குப் பக்கத்தில் கிடக்கும் பந்தைத் துடைக்க எடுத்தால், கிடந்த இடத்தில் அடையாளம் வைக்க வேண்டும். மற்றவர்கள் காசு வைப்பார்கள். இவர் வைப்பது மகள் முதன்முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போன சட்டையின் பொத்தான். சட்டை சின்னதானதும் ஆறு பொத்தான்களையும் வெட்டி எடுத்துக்கொண்டார். ஐந்து மைதானத்துக்கு, ஒன்று வீட்டுக்கு.

உறை மாட்டி மாட்டி இடது கை மட்டும் வெளுத்திருக்கும். "இந்தக் கைக்கு மட்டும் ஏ.சி. ரூம்ல வேலையாப்பா?" என்பாள் மகள். அவளுக்கு அவர் வைத்த பெயர் வாலு. வாலுவுக்குத் தலை பின்னிவிடுவதும் அவர்தான். பந்தை அடிக்கும் முன் மட்டையை இரண்டு முறை சும்மா வீசிப் பார்ப்பதுபோல, காற்றில் இரண்டு முறை பின்னிப் பார்த்துவிட்டுத்தான் முடியைத் தொடுவார்.

கல்யாணமான புதிதில் மைதானத்திலிருந்து போன் செய்தாராம். "பட்டரை மறந்துட்டேன், கொஞ்சம் எடுத்துட்டு வாயேன்." மனைவி ஓட்டமும் நடையுமாக வெண்ணெய்ப் பொட்டலத்தோடு போய் நின்றார். அவர் கேட்டது, 'பட்டர்' என்று ஆட்டக்காரர்கள் சொல்லும், பந்தைக் குழிக்குள் தள்ளும் மட்டையை. கடைசிவரை அந்த வீட்டில் அந்த மட்டைக்குப் பெயர் 'வெண்ணெய்'தான்.

இன்னொருவர் பந்து போகும் வழியில் நம் அடையாளம் இருந்தால், வெண்ணெயின் தலை அகலத்துக்கு அதை நகர்த்தி வைக்கலாம். ஆடும் முன் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட வேண்டும். மறந்தால் அபராதமாகக் கணக்கில் இரண்டு அடி கூடும்; குறைந்த அடிகளில் முடிப்பவருக்குத்தான் கோப்பை. ஒரு பெரிய போட்டியின் கடைசிக் குழியில் பொத்தானை நகர்த்தி வைத்திருந்தார். திருப்பி வைக்கக் குனிந்த நேரம், கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஐந்து வயது வாலு கத்தினாள்: "அப்பா, ஒண்ணுக்கு வருது!"

பொத்தானைத் திருப்பி வைக்காமலே, நகர்ந்த இடத்தில் பந்தை வைத்து அவசர அவசரமாகத் தட்டினார். பந்து குழியில் விழுந்தது. ஓர் அடி வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார் என்று கைதட்டல். அவரோ நடுவரைப் பார்த்து, வெளுத்த கையின் இரண்டு விரல்களை உயர்த்தினார். கோப்பை கைமாறியது. அவர் மகளைக் கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"யாராச்சும் பார்த்தாங்களாங்க?" என்று கேட்டார் மனைவி.

"நான் பார்த்தேனே."

அதன்பின் கோப்பை எதுவும் அந்தப் பக்கம் வரவில்லை. விரல்கள் மட்டும் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. பள்ளிக்கு அழைக்கப் போகத் தாமதமா, குழம்பில் உப்பு அதிகமா, யாரும் கேட்கும் முன்பே இரண்டு விரல்களைக் காட்டிவிடுவார்.

வாலு சும்மா இருப்பாளா? அவர் அப்பால் போனதும் வெண்ணெயை வைத்து அளந்து, பொத்தானைச் சரியாக ஒரு தலை அகலம் தள்ளி வைப்பாள். ஒருநாள் இடப்பக்கம், ஒருநாள் வலப்பக்கம். உட்கார்ந்த மறுநொடி கண்டுபிடித்துவிடுவார். "ஏய் வாலு, ஜன்னல் நகர்ந்துடுச்சா, நான் நகர்ந்துட்டனா?"

போன மாதம் ஒரு காலை, "வெயிலுக்கு முன்னாடி வந்துடறேன்" என்று பொத்தானை வைத்துவிட்டுப் பயிற்சிக்குப் போனார். ஏழாவது குழியருகே பந்தை எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. நெஞ்சு என்றார்கள். பையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஐந்து பொத்தான்களும் உள்ளே இருந்தன.

ஆறாவது பொத்தான் பெஞ்சில் இருக்கிறது. துக்கம் கேட்க வந்த மாமா உட்காரப் போனபோது அம்மா பதறினாள்: "அண்ணா, அங்க வேணாம். அவர் வெச்ச எடம் அது." துடைக்கும்போது பொத்தானைச் சுற்றித்தான் துடைக்கிறாள். மத்தியானங்களில் தரையில் உட்கார்ந்து, அதன் பக்கத்தில் கன்னத்தை வைத்துக்கொள்கிறாள்.

"இங்க இன்னும் சூடு இருக்கற மாதிரி இருக்குடி."

வாலு பொத்தானையே பார்த்தாள். அந்தக் காலையிலும் அவள் அதை நகர்த்தியிருந்தாள். அவர் அங்கே உட்காரவே இல்லை.

இன்று அம்மா குளிக்கப் போன நேரத்தில் வெண்ணெயை எடுத்து வந்தாள். அதன் தலையைப் பொத்தானுக்கு இடப்பக்கம் வைத்துப் பார்த்தாள். எடுத்து வலப்பக்கம் வைத்துப் பார்த்தாள். அன்று எந்தப் பக்கம்? ஜன்னலைப் பார்த்தாள். மறுபடி இடம், மறுபடி வலம். எத்தனை யோசித்தும் ஞாபகம் வரவில்லை. கண்டுபிடித்துச் சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான்.

ஈரத்தலையோடு அம்மா வந்து நின்றாள். "என்னடி பண்றே அங்க?"

வாலு வெண்ணெயைச் சுவரில் சாய்த்தாள். அம்மா பக்கம் திரும்பாமல், பெஞ்சைப் பார்த்தபடியே, இடது கையின் இரண்டு விரல்களை உயர்த்தினாள்.