சந்தேகம் விட்ட திருடன்

சிலருக்குப் பயம் ஒரு குறை. இவளுக்கு அதுதான் சோறு போட்டது. கேஸை மூடிவிட்டுப் படுத்தவள் எழுந்து போய் மறுபடி திருகிப் பார்ப்பாள். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பாள். "ஒருநாள் பூட்டு கையோட வந்துடப் போகுது" என்பார் வீட்டுக்காரர். ஆபீஸில் அவளுக்கு வைத்த பெயரே சந்தேகம். "சந்தேகத்தைக் கேட்டாச்சா?" என்று கேட்காமல் அங்கிருந்து எதுவும் வெளியே போகாது. அந்தப் பெயருக்கு அவள் கோபித்துக்கொண்டதே இல்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை வைக்கும் இன்குபேட்டர் பெட்டிகளுக்கு மென்பொருள் எழுதுகிற கம்பெனி அது. முன்பெல்லாம் எழுத ஒரு கூட்டம், சோதிக்க ஒரு கூட்டம் என்று ஆபீஸ் சந்தை மாதிரி இருக்கும். இப்போது இரண்டையும் ஏஐ ஏஜென்ட்டுகள் பார்த்துக்கொள்கின்றன. ஒரு ஏஜென்ட் எழுதும். இன்னொன்று சோதித்து, தப்பு இருந்தால் சிவப்பு காட்டும், இல்லையென்றால் பச்சை. சோதனைப் பக்கம் மிஞ்சிய மனிதப் பிறவி இவள் ஒருத்திதான்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. மென்பொருளின் ஒவ்வொரு புதுப் பதிப்பையும் சோதனைக்கு விடுமுன் வேண்டுமென்றே ஒரு தப்பை உள்ளே ஒளித்து வைப்பாள். திருடனை விடுவது என்று அதற்குப் பெயர். ஏஜென்ட் திருடனைப் பிடித்துவிட்டால், சோதனை ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். பிறகு அவளே அதைப் பிடுங்கிப் போட்டுவிடுவாள். எந்தத் திருடன், எங்கே ஒளிந்திருக்கிறான் என்று யாரிடமும் மூச்சுவிட மாட்டாள். சொன்னால் அப்புறம் என்ன சோதனை?

அந்த வாரம் ஏஜென்ட்டுகளைக் கட்டி மேய்க்கிற ஃபிரேம்வொர்க்கையே புதுசாக மாற்றினார்கள். பழையதில் சோதிக்கிற ஏஜென்ட் குறை சொல்லும், அவ்வளவுதான். புதியதில் ஏஜென்ட்டுகள் தங்களுக்குள் பேசி, சிக்கலைத் தாங்களே தீர்த்துக்கொள்ளுமாம். குழுவின் தலைவர் வாயெல்லாம் பல்லாகத் திரிந்தார். எதைக் கேட்டாலும் ஆகட்டும் ஆகட்டும் என்றே சொல்லித் தலைவரானவர். அவருக்குப் பெயரும் ஆகட்டும்தான். அவளுக்குப் புது ஃபிரேம்வொர்க்கும் ஒரு புது ஆள்தான், புது ஆள் வேலைக்கு வந்தால் கொஞ்சம் பெரிய திருடனாகத்தானே விட வேண்டும்? பெட்டிக்குள் சூடு எல்லை மீறினால் ஒரு மணி அடிக்கும். அந்த மணியை ஊமையாக்கி வைத்தாள். இதைப் பிடிக்காத ஏஜென்ட்டும் உண்டா என்று நினைத்துச் சோதனையை ஓடவிட்டாள்.

அது ஓடிக்கொண்டிருக்கும்போதே தங்கையின் கணவர் போன் செய்தார். "அண்ணி, வலி வந்துடுச்சு. இன்னும் மாசம் ஆகலையே அண்ணி." அழுகிற குரல். அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

தங்கையை அந்த மருத்துவமனையில் சேரச் சொன்னதே அவள்தான். "அங்கயே சேருடி. அங்க இருக்கிறது எங்க பெட்டி. நான் பார்க்காம ஒண்ணும் அந்தப் பெட்டிக்குள்ள போகாது" என்று எப்போதோ சொல்லியிருந்தாள். அன்று சாயங்காலம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, அதே பெட்டிக்குள் போனது. தங்கை கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு, "உன்னை நம்பித்தான்க்கா இருக்கேன்" என்றாள்.

மறுநாள் காலை ஆபீஸுக்குப் போய்த் திரையைத் திறந்தாள். எல்லாம் பச்சை. ஒரு சிவப்புகூட இல்லை. அவள் விட்ட திருடன் எங்கே?

ஏஜென்ட்டுகள் பேசிக்கொண்டது திரையிலேயே இருந்தது. சோதிக்கிற ஏஜென்ட் மணி அடிக்கவில்லை என்று சரியாகவே பிடித்திருக்கிறது. எழுதுகிற ஏஜென்ட், இதை மாற்றியது யார் என்று பார்த்திருக்கிறது. மாற்றியவர் மூத்த பரிசோதகர், அதாவது அவள், இதுவரை ஒரு தப்பையும் வெளியே விடாதவர். அப்படியானால் இது தப்பாக இருக்காது, சோதனைதான் பழசாகிவிட்டது என்று இரண்டும் ஒருமனதாக முடிவு செய்து, மணி அடிக்கத் தேவையில்லை என்று சோதனையையே திருத்திவிட்டன. ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்டவளை இந்த இரண்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருக்கின்றன. கோபிக்கக்கூட முடியவில்லை.

தலைவரின் மேஜைக்கு ஓடினாள். "சார், புதுப் பதிப்பு எங்க?"

"நேத்தே அனுப்பியாச்சே. எல்லாம் பச்சைன்னு வந்துது. நீங்க அவசரமா ஓடிட்டீங்க, அதான் கேக்கலை. வழக்கம்போல முதல் ஆஸ்பத்திரிக்கு மட்டும் வெள்ளோட்டம்."

அந்த முதல் ஆஸ்பத்திரி எது என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமில்லை.

"நான் திருடன் விட்டிருந்தேன் சார். நான் வந்து எடுக்கறதுக்குள்ள ஏன் அனுப்பினீங்க?"

"திருடன் இன்னும் உள்ள இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்? எல்லாம் பச்சைன்னதும் எடுத்துட்டீங்கன்னு நினைச்சேன். நீங்கதான் யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களே!" என்றவர், ஊமையானது மணி என்று அவள் சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வாயிலிருந்து ஆகட்டும் வரவில்லை. "பழைய பதிப்பை உடனே திருப்பி அனுப்பறேன். ஒரு மணி நேரத்துல போயிடும். அதுவரைக்கும் ஆஸ்பத்திரிக்கு எதுவும் சொல்லாதீங்க. ஒண்ணும் ஆகாது. ஊரைக் கூட்டினா கம்பெனியே இருக்காது."

அவள் வார்டுக்குப் போன் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. தங்கையின் போன் அணைத்துக் கிடந்தது. படியிறங்கி ஓடிக் கிடைத்த வண்டியில் ஏறினாள். ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி நின்றபோது வார்டுக்கு மறுபடி போன் போட்டுப் பார்த்தாள். வீட்டுக்காரரிடம்கூடப் பேசத் தோன்றவில்லை. பேசினால் வாயிலிருந்து அழுகைதான் வந்திருக்கும்.

வார்டுக்குள் இரண்டு வரிசையாகப் பெட்டிகள். தங்கையின் குழந்தை கடைசியில், ஜன்னலோரம். யார் தடுத்தார்கள், யார் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள் என்று எதுவும் காதில் விழவில்லை. நேராக அந்தப் பெட்டியின் முன்னால் போய் நின்று உள்ளே இருக்கும் சூட்டைக் காட்டும் எண்ணைப் பார்த்தாள். சரியாக இருந்தது. மறுபடி பார்த்தாள். உள்ளே அந்தச் சின்ன மார்பு ஏறி இறங்கியது. போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு.

"என்னக்கா, ஆபீஸ் போகலையா? ஏன் இப்படி வேர்த்திருக்கு?" என்றாள் பக்கத்தில் ஸ்டூலில் இருந்த தங்கை.

அவள் நர்ஸைக் கூப்பிட்டாள். "சிஸ்டர், சூடு ஏறினா இந்தப் பெட்டிங்க எதுலயும் மணி அடிக்காது. நான் கம்பெனிலேருந்து வரேன். தயவுசெஞ்சு ஒவ்வொண்ணா கண்ணால பாருங்க."

நர்ஸ் ஏன் என்று கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை. வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனவர் வாசலை ஒட்டிய பெட்டியிடம் வந்ததும், "டாக்டர்!" என்று கத்தினார். அந்தக் குழந்தையின் வயிற்றில் ஒட்டியிருந்த, உடம்புச் சூட்டை அளக்கும் சென்சார் கழன்று துணியில் கிடந்தது. குழந்தைக்குக் குளிர்கிறது என்று நினைத்துப் பெட்டி சூட்டை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறது. எண் எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது. மணி சத்தம் போடவில்லை. குழந்தை செக்கச் சிவந்து, துவண்டு கிடந்தது.

மூடியைத் திறந்தார்கள். டாக்டர் ஓடிவந்தார். அவருடைய முதுகுதான் அவளுக்குத் தெரிந்தது. தங்கை அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் அவள் எதையும் வேண்டிக்கொள்ளக்கூட இல்லை. பயத்தில் மனசு காலியாகிக் கிடந்தது. ரொம்ப நேரம் கழித்து, பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஓர் அழுகை கேட்டது.

"பொழைச்சுக்கும்" என்றார் டாக்டர்.

பால் பாட்டிலோடு உள்ளே வந்த அந்தக் குழந்தையின் தாயிடம் நர்ஸ் நடந்ததைச் சொல்லிவிட்டு, "இந்த அக்கா வந்து சொல்லலேன்னா..." என்று இவளைக் காட்டினார். அந்தத் தாய் நேரே வந்து இவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "தெய்வம் மாதிரி வந்தீங்கக்கா. நீங்க நல்லா இருக்கணும்."

நன்றியை வாங்கிக்கொண்டு போய்விடலாம். தலைவர் அதைத்தான் சொல்வார்.

"அப்படிச் சொல்லாதீங்கம்மா" என்றாள். "அந்த மணி அடிக்காததுக்கு நான்தான் காரணம். சோதனைக்காக நான்தான் அடிக்க விடாம வெச்சேன். எடுக்கறதுக்குள்ள இங்க வந்துடுச்சு." ஜன்னலோரப் பெட்டியைக் காட்டினாள். "உள்ள வரும்போது உங்க பிள்ளையைத் தாண்டித்தான் ஓடினேன். எங்க குழந்தையை மட்டும்தான் பார்த்தேன்."

அந்தத் தாய்க்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கைகளை விட்டாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, இவளுக்கு முதுகைக் காட்டியபடி தன் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள்.

இவள் திரும்பினாள். தங்கையும் ஸ்டூலைப் பெட்டியை ஒட்டி நகர்த்தியிருந்தாள். கண் குழந்தையின் மேல் இல்லை, எண்ணின் மேல் இருந்தது.

"அக்கா," என்றாள், அதிலிருந்து கண்ணை எடுக்காமல், "இது எவ்வளவு வரைக்கும் போகலாம்னு எனக்குச் சொல்லிக் குடு. இனிமே நானே பார்த்துக்கறேன்."