கடற்கரையில் போட்ட மீற்றர்

போர்மன் ஐயா மீற்றரைக் கடற்கரையில்தான் போடுவார். வெள்ளவத்தையில் தண்டவாளத்தைத் தாண்டி, கல்லுக்கு மேல் நின்று, சுவிச்சைப் போட்டு, கடல் காற்றுக்கு நேரே பிடிப்பார். சோற்றுப் பெட்டி அளவில் ஒரு மஞ்சள் பெட்டி, பக்கத்தில் ரப்பர் குழாய். எண் பூச்சியத்துக்கு வந்து அசையாமல் நின்ற பிறகுதான் பையில் வைத்து பஸ் ஏறுவார்.

நான் கொழும்பில் கொட்டாஞ்சேனை. பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை. யுத்த காலத்தில் முகத்துவாரத்தில் ஒரு சின்ன யார்டில் ஐயாவின் கீழ் எண்ணெய்த் தாங்கி கழுவினேன். தாங்கியின் அடிச்சேற்றில் ஒரு வாயு கிடக்கும். முதலில் கூழ்முட்டை மணக்கும். கூடினால் மணமே வராது, மூக்கு மரத்துவிடும். மணம் போய்விட்டது என்று நம்பி இறங்குகிறவன் திரும்பி ஏறமாட்டான். முன்பு எங்களுக்கு மூக்குத்தான் மீற்றர். பிறகுதான் முதலாளி வெளிநாட்டிலிருந்து இதை எடுப்பித்தார். வாயு கூடினால் கத்தும்.

அதற்கு ஒரு குணம் இருந்தது. போடுகிற இடத்துக் காற்றையே நல்ல காற்று என்று எடுத்துக்கொள்ளும். யார்டில் எப்போதும் தாங்கி நெடி. அதனால்தான் ஐயா அதை வீட்டுக்குக் கொண்டுபோனார். காலையில் கடற்கரையில் போட்டு, அணைக்காமலே கொண்டுவருவார். “ஐயா பிள்ளைக்குக் காத்துக் காட்டிட்டு வாறார்” என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். “இந்தப் பிள்ளை கத்தினாத்தான்டா உங்கட பிள்ளையளுக்கு அப்பன் இருப்பான்” என்பார்.

ஒரு நாள் வழியில் ஆமியின் சென்றிப் பொயின்ற்றில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். பக்கத்தில் நின்ற லொறியின் புகை பட்டதும் பைக்குள் மீற்றர் கத்தத் தொடங்கியது. ஆமிக்காரர்கள் நிலத்தில் விழுந்து துவக்கை நீட்டினார்கள். ஐயா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்றிருந்தது. வேறு என்ன வேண்டும்? பிடித்துக்கொண்டு போனார்கள். முதலாளி பொலிசுக்குப் போய்த்தான் அவரை எடுத்தார். கன்னம் வீங்கியிருந்தது. இனி ரோட்டில் அது அணைந்துதான் இருக்க வேண்டும் என்று சொல்லி மீற்றரைக் கொடுத்தார்களாம்.

அடுத்த தாங்கிக்கு அவர் மீற்றரை யார்டிலேயே போட வேண்டி வந்தது. தாங்கி மூடிகள் காலையிலேயே திறந்து கிடந்தன. கடல் பக்கம் போகலாம் என்றால் நேவி வேலி. வேலி மட்டும் நடந்துபோய் நின்றார். சென்றியில் நின்றவன் துவக்கை அசைத்தான். ஐயா திரும்பி என்னைப் பார்த்து, “இதுக்கு மேல எங்க போறது?” என்றார். அங்கேயே, அந்த நெடிக்குள் போட்டார்.

எங்களை இறங்க விடவில்லை. முதலில் தான் மீற்றரோடு இறங்குவது அவர் வழக்கம். இடுப்புக் கயிறு என் கையில் இருந்தது. மீற்றர் சத்தம் போடவில்லை. அடியில் சேற்றில் கால் வைத்தது தெரிந்தது. கயிறு சட்டென்று பாரமானது. அதற்குப் பிறகுதான் மீற்றர் கத்தியது. நாலு பேராக இழுத்தோம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

மீற்றரைச் சோதிக்க ஒருவர் வந்தார். அதில் பிழை இல்லை, போட்ட ஆள்தான் கவனமில்லாமல் போட்டிருக்கிறார் என்றார்.

செத்த வீட்டில் ஐயாவின் மனைவி என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டார்.

“தம்பி, இவர் பிழை விட்டவரோ?”

“இல்லை அக்கா.” பஸ்ஸை மறித்ததிலிருந்து வேலி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் அழவில்லை. கதவைச் சாத்தினார். “இதை வெளியில கதைக்காதேங்கோ. மகன் பஸ் மறிச்ச அந்தச் சென்றியாலதான் பள்ளிக்கூடம் போறவன்.”

நான் கதைக்கவில்லை.

யுத்தம் முடிந்து வருசக் கணக்காகிவிட்டது. இப்போது மீற்றர் சட்டைப் பையில் கொளுவுகிற அளவுதான். அது கத்தினால் யாரும் நிலத்தில் விழுவதில்லை. போன மாதம் யார்டில் பாதுகாப்பு வகுப்பு வைத்தார்கள். நல்ல காற்றில்தான் போட வேண்டும் என்று படிப்பித்த பொடியன், “முந்தி இங்க ஒரு போர்மன் கவனமில்லாமச் செத்தவராம்” என்றான்.

அக்காவும் மகனும் இப்போது கனடாவில். நான் எழும்பினேன். “தம்பி, அவர் கவனமான மனுசன்” என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வேலியிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.