மூடியின் மேல் இருந்தவன்

கட்டமரான் என்று வெள்ளைக்காரர் சொல்லும் இரட்டை உடல் படகுகளுக்கு வயிற்றுப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கதவு உண்டு. அந்தப் படகு கவிழ்ந்தால் தானாக நிமிராது, தலைகீழாகவே மிதக்கும். உள்ளே அகப்பட்டவர்கள் வெளியே வருவதற்குத்தான் அந்தக் கதவு. பிரான்சின் மேற்குக் கரையில் கட்டி, கப்பலில் ஏற்றி சிட்னிக்கு அனுப்பும் கட்டமரான்களுக்கு எங்கள் பட்டறையில் பாய்மரம் நாட்டி, வயர் இழுத்து, கசிவு பார்த்துக் கொடுப்போம். கதவு என் பொறுப்பு. யாரும் தரவில்லை, நானாகக் கேட்டு வாங்கினேன்.

"இது உன் பாஷைச் சொல்லாமே!" என்று வருஷத்துக்கு ஒருவனாவது என் முதுகில் தட்டுவான். சொல் எங்களுடையதுதான், அதற்கென்ன? நான் பிறந்த ஊரில் குளம்தான் இருந்தது. கடலில் கால் வைத்ததே நாட்டை விட்டு ஓடப் படகு ஏறின அன்றுதான்.

அது ஒரு மீன்பிடிப் படகு. ஏழாம் நாள் கடல் பொங்கியது. தண்ணீர் இறைக்கும் பம்ப் நின்றுவிட்டது. எங்களோடு வந்த ஓர் அண்ணன் மெக்கானிக். அவர்தான் தனியாக எஞ்சின் அறைக்குள் இறங்கினார். அலை உள்ளே அடிக்காமல் இருக்க மேலே பலகை மூடியைப் போட்டு, அதன்மேல் என்னை இருக்கச் சொன்னான் படகோட்டி. "எழும்பாதை! எழும்பினால் எல்லாரும் தாண்டு செத்துப்போவம்!" என்று கத்தினான். நான் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் பம்ப் ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு எனக்குக் கீழே தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தரம். நான் எழும்பவில்லை.

அலை அடங்கி மூடியைத் திறந்தபோது எஞ்சின் புகை முகத்தில் அடித்தது. அண்ணன் மூடிக்கு நேர் கீழே மூச்சில்லாமல் கிடந்தார். பம்ப் மட்டும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் அவரைக் கடலில் விட்டோம்.

அவருடைய மனைவி அதே படகில், எனக்கு ஒரு கை தூரத்தில், தலைக்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுக்கொண்டு இருந்தார். இப்போது சிட்னியின் புறநகரான பிளாக்டவுனில் இருக்கிறார். நான் அக்கா என்று கூப்பிடுகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு போவேன். குழாய் திருத்துவேன், கடிதங்களை வாசித்து விளங்கப்படுத்துவேன். நல்ல பிள்ளை என்று அயலில் பெயர். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பதை அயலவர்கள் மறந்துவிட்டார்கள்.

அக்கா என்னிடம் ஒரு கேள்வியை மூன்று முறை கேட்டிருக்கிறார். அகதி முகாமில் ஒரு முறை, விசா வந்த நாளில் ஒரு முறை, போன வருஷத் திவசத்தன்று ஒரு முறை. "தம்பி, அவர் உள்ளுக்கை இருந்து தட்டினவரோ?" மூன்று முறையும் நான் ஒரே பதிலைத்தான் சொன்னேன். "இல்லை அக்கா. கடல் சத்தத்திலை ஒண்டும் கேக்கேல்லை."

இந்த வருஷம் பிரான்சிலிருந்து, அந்தப் படகுகளைக் கட்டும் இடத்திலிருந்தே, ஒரு பெண் எங்கள் வேலையைப் பார்வையிட வந்தாள். என் வயதுதான் இருக்கும். அவளுடைய கரையில் வீட்டுக்கு ஒருவராவது படகு கட்டுகிறவராம். ஊர்த் தேவாலயத்தின் கூரையில் குட்டிக் கப்பல்கள் தொங்குமாம், கடலில் தப்பினவர்கள் நேர்ந்து கட்டினவை. தப்பாதவர்களின் பெயர்கள் சுவரில் இருக்குமாம். "அந்தப் பெயர்க்காரன் ஏறிய படகையும் யாரோ கட்டியிருப்பான் அல்லவா? அவனும் அதே சுவருக்குக் கீழே வாங்குப் பலகையில்தான் வந்து உட்காருவான்," என்றாள். சாப்பாட்டு நேரத்தில் சொல்கிற கதையா இது? நான் சோற்றுப் பெட்டியை மூடினேன்.

அன்று பின்னேரம் கதவுக்குக் கசிவுப் பரிசோதனை. படகு தரையில் முட்டுக்கட்டைகளின் மேல் நின்றது. அவள் உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொள்ள, நான் வெளியே நின்று ஹோஸால் தண்ணீர் அடிக்க வேண்டும். தண்ணீர் உள்ளே வந்தால் அவள் தட்டுவாள், நான் நிறுத்துவேன். இவ்வளவுதான் வேலை.

அவள் தட்டினாள்.

என் கை ஹோஸை விடவில்லை. கால் நகரவில்லை. தட்டும் சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டது, நான் தண்ணீரை அடித்துக்கொண்டே நின்றேன். கடைசியில் அவளே கதவை உள்ளே இழுத்துத் திறந்தாள். தண்ணீர் முழுவதும் அவள் தலையில் விழுந்தது.

"உனக்குக் கேட்கவில்லையா?" என்று கத்தினாள்.

"இல்லை. ஹோஸ் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை," என்றேன் வாய் கூசாமல்.

அவள் முகத்தைத் துடைத்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்: "கண்ணாடிக்குள்ளால் உன் முகம் எனக்குத் தெரிந்தது. நான் தட்டத் தட்ட நீ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய்."

அந்தப் பலகை மூடியில் கண்ணாடி இருக்கவில்லை. இருந்திருந்தால் அண்ணன் என்னத்தைப் பார்த்திருப்பார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிளாக்டவுனுக்குப் போனேன். ரயிலில் நெடுகிலும் எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். பொய்யை இறக்கி வைத்தால் அக்கா அடிக்கட்டும், திட்டட்டும், இனி வராதை என்று சொல்லட்டும், எனக்கு நெஞ்சு லேசாகும் என்று நம்பினேன். என்னைப் பற்றி மட்டுமே யோசித்திருக்கிறேன், பாருங்கள்.

அக்கா குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். நான் கதிரையில் இருந்தபடியே சொன்னேன். "அக்கா, அண்ணன் தட்டினவர். மூண்டு தரம். எனக்குக் கேட்டது. நான் எழும்பேல்லை."

அவர் கேத்திலை வைத்தார். திரும்பவில்லை. முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"எனக்கும் கேட்டது தம்பி," என்றார்.

திரும்பாமலே தொடர்ந்தார்.

"விரிப்புக்குள்ளை இருந்த எனக்கே வடிவாக் கேட்டது. நான் ஒரு சத்தம் போட்டிருக்கலாம். மூடியைத் திறவுங்கோ எண்டு ஒரு வார்த்தை. திறந்தால் எல்லாரும் தாண்டு செத்துப்போவம் எண்ட பயம், வாய் வரேல்லை. அதுதான் உங்களைக் கேட்டனான். மூடிக்கு மேலை இருந்த பிள்ளைக்கே கேக்கேல்லையெண்டால் எனக்கு எப்பிடிக் கேக்கும், அது கடல்தான் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான். இல்லை எண்டு நீங்கள் சொல்லச் சொல்லத்தான் எனக்கு நித்திரை வந்தது."

தேத்தண்ணியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எதிரே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"இனி நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது, தம்பி?"