லயத்தில் மடங்கிய முட்டி

சூரியநெல்லி தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், செல்லத்தாயின் வலது முட்டி அறுபது டிகிரிக்கு மேல் மடங்காமல் நின்றுவிட்டது. மாற்று மூட்டு வைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கோணம் அளக்கும் கோனியோமீட்டரை மறுபடி வைத்துப் பார்த்தேன். அதே அறுபது. தொண்ணூறு டிகிரியாவது மடங்கினால்தான் தேயிலைச் சரிவில் இறங்க முடியும். இறங்காவிட்டால் வேலை போகும். வேலை போனால் வீட்டை எஸ்டேட் எடுத்துக்கொள்ளும். தனி ஆள் அவர். போக வேறு இடம் கிடையாது.

இருபது வருடமாக பிசியோதெரபிஸ்டாக இந்த மலைகளில் அலைகிறேன். அங்கே தகராறு முட்டியில் இல்லை, சுவரில் இருந்தது. லயத்தில் வீட்டுக்கு வீடு ஒற்றைச் சுவர். ஒருவர் தும்மினால் வரிசை முழுக்கக் கேட்கும். நான் குதிகாலைப் பிடித்து மெல்ல மடக்குவேன். செல்லத்தாய் "ஆத்தா" என்பார். அடுத்த நொடி வாசலில் நாலு பெண்கள்.

"விட்ருங்க சாரே, பாவம்," என்பார் பக்கத்து வீட்டுப் பேச்சி. பால் சேர்க்காத கட்டன் சாயா வரும். முட்டிக்கு அடியில் தலையணை வரும். நான் போனபிறகு சோறும் வெந்நீரும் கட்டிலுக்கே வரும். அந்தப் பாசத்தில் முட்டி நாளுக்கு நாள் இறுகியது.

ஒருநாள் பேச்சியை உள்ளே கூப்பிட்டேன். "இவங்க வேலைக்கு எறங்கலேன்னா, அடுத்து இந்த வீட்டுக்கு யாரு வருவா?"

பேச்சி கட்டிலருகே வந்து குனிந்தார். தலையணையை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "கத்து மதினி. இனி ஒருத்தியும் வரமாட்டோம்."

மறுநாள் காலை நான் வாசலை மிதிக்கும் முன்பே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பேச்சியின் குரல். "மதினி, மடக்கு." அதற்கும் அடுத்த வீட்டிலிருந்து, "மடக்குனா போதுமா, பிடிச்சு நிறுத்தச் சொல்லு."

"ஏட்டி, ஒங்க முட்டிக்கும் ஒருநாளு கத்தி வரும். அன்னிக்கு இருக்கு," என்று செல்லத்தாய் பல்லைக் கடித்தபடி மடக்கினார். பெரிய ஆஸ்பத்திரிகளில், மெஷின் ஓடும் அறைகளில் வேலை பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு டிபார்ட்மெண்டைக் கண்டதில்லை. எழுபது, எண்பத்தைந்து, நூறு என்று முட்டி வழிவிட்டது.

கொழுந்துச் சாக்கு சுமக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் கேட்டிருந்தது கீழே பள்ளத்தில் இருந்த நாற்று நர்சரியில் வேலை. "எறங்கி வரட்டும், பாப்போம்," என்று ஃபீல்ட் ஆபீசர் அங்கே நின்றார். சாரல், சேறு, காலடியை விழுங்கும் மூடுபனி. நான் கை நீட்டினேன்.

"கைய எடுங்க சாரே. நாளைக்கு நீங்களா வருவீங்க?"

சொல்லிக்கொடுத்தபடி ஆபரேஷன் செய்த காலை முதலில் வைத்து, பக்கவாட்டில் திரும்பி, கம்பை ஊன்றி, பனிக்குள் இறங்கினார். நான் பின்னாலேயே போனேன். "திங்கக்கெழம வந்துருங்க," என்றார் ஆபீசர்.

இத்தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளே, கோணத்தை அளக்கும் முன், அந்தக் கால் எந்த வழியில் நடக்க வேண்டும், அதைக் கட்டிலில் கிடத்துவது யார் என்று கேளுங்கள். நான் கேட்கத் தாமதித்தவன்.

திரும்ப ஏறும்போது செல்லத்தாய் நின்று கேட்டார். "ஏறுறதுக்கு எந்தக் கால் மொதல்ல?"

"நல்ல கால்."

"இனி ரெண்டும் நல்ல கால்தான்," என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் ஏறினார்.