குணம் அண்ணையின் இரண்டாவது பிரிட்ஜ்

குணநாயகம் அண்ணை இறந்த செய்தியும் ஆமை பற்றிய செய்தியும் எனக்கு ஒரே அழைப்பில் வந்தன. ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை, சுவிஸின் சோலோதுர்ன் நகரிலிருந்து அவருடைய மனைவி இராணி அக்கா கதைத்தார். "அவர் மோசம் போயிட்டார் தம்பி. விடியக் கோப்பி கேட்டவர். கொண்டு போறதுக்குள்ளை முடிஞ்சுது." கொஞ்ச நேரம் அழுதார். பிறகு, "அது கீழை பிரிட்ஜுக்குள்ளை கிடக்குது. வீட்டுக்கு ஆக்கள் வரப்போகினம். நீர் கெதியா வாரும்" என்றார்.

அவரை அறிந்த உங்களுக்கு 'அது' எது என்று சொல்லத் தேவையில்லை. அறியாதவர்களுக்கு: திரூடி என்ற தரையாமை. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். குளிர்காலம் முழுவதும் உறங்கும்.

நானும் அவரும் துன் நகரில் ஒரு ஹோட்டலின் சமையலறையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று பாத்திரம் கழுவியவர்கள். நான் துனிலேயே தங்கிவிட்டேன். அவர் சோலோதுர்னில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறைக்கு மாறி, தோட்டத்துடன் கூடிய கீழ்த்தள வீடொன்றை வாடகைக்கு எடுத்தார். அதில் இருந்த சுவிஸ் மூதாட்டி, தன்னால் இனிக் குனிய முடியாது என்று சொல்லி, ஆமையையும் வீட்டோடு விட்டுப் போனார். நம்மவர்கள் ஒவ்வொருவராக வந்து, ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று அக்கறையோடு தெரிவித்தார்கள். தேநீர் குடித்துவிட்டுத்தான் தெரிவித்தார்கள். குணம் அண்ணை எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னார்: "ஆமை எங்கை புகுந்தது? அது இஞ்சை இருந்தது. புகுந்தது நாங்கள்."

முதல் வருடம் அவரும் நம்மைப் போலத்தான் நடந்துகொண்டார். நமக்கு அன்பு காட்டத் தெரிந்த ஒரே வழி தட்டை நிரப்புவது. திரூடிக்குப் புட்டும் வாழைப்பழமும் கிடைத்தன. தைப்பொங்கலன்று உறக்கத்திலிருந்து எழுப்பிச் சர்க்கரைப் பொங்கலும் கொடுத்தார். அதுவும் மறுக்காமல் தின்று, வசந்தத்தில் படுத்த படுக்கையானது. மிருக வைத்தியர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "உங்களுக்கு இதன் மேல் ஏதாவது கோபமா?" என்று கேட்டாராம். அந்தக் கேள்வி குணம் அண்ணையை மாற்றிவிட்டது. அதன்பின் வெட்டாத புல்வெளிகளில் மஞ்சள்பூச் செடியின் இலையும் குளோவர் தழையும் பறித்துத் திரிந்தார். களை பிடுங்க வந்தவர் என்று நினைத்து, தம் வீட்டுப் புல்லையும் பார்க்க முடியுமா என்று கேட்டவர்கள் உண்டு. பழம் இல்லை, பாண் இல்லை, தக்காளி இல்லை. ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமென்று கணவாய் ஓடு. "அதுக்குப் பிடிச்சதைக் குடுக்கிறது எங்கடை சந்தோசத்துக்கு. புல்லுக் குடுக்கிறதுதான் அதுக்கு" என்பார். இதைச் சொல்லும்போது அவர் கையில் அநேகமாகக் கேசரி இருக்கும். ஆமையின் உணவில் காட்டிய கண்டிப்பில் பாதியைத் தன் தட்டிலும் காட்டியிருந்தால், இந்த அஞ்சலிக் கட்டுரையை அவர் எனக்கு எழுதியிருப்பார்.

வெயில் விழும் பக்கமாகத் தோட்டத்தில் வேலி அடித்தார். ஆமை தோண்டும் என்பதால் பலகையை மண்ணுக்குள்ளும் இறக்கினார். குளிர் நாட்களுக்கு விளக்குடன் ஒரு சிறிய கண்ணாடி வீடு. திரூடிக்கு அரசாங்கம் கொடுத்த பத்திரமும் உண்டு. ஓட்டின் மேற்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் படமெடுத்து இணைக்க வேண்டும். "எங்கடை பத்திரத்துக்கு அடிப்பக்கம் கேக்கேல்லை. அந்தளவிலை சந்தோசம்" என்பார்.

குளிர்காலத்துக்குத்தான் அந்த இரண்டாவது பிரிட்ஜ். கெல்லர் என்று இங்கே நாம் சொல்லும் நிலவறையில் இருந்தது. மண்ணும் காய்ந்த இலையும் நிரப்பிய பெட்டியில், ஐந்து பாகைக் குளிரில், ஆமை மாதக்கணக்கில் உறங்கும். சூட்டில் வைத்தால் பாதி விழிப்பில் உடம்பைத் தின்று தானே தேய்ந்துபோகும். ஞாயிற்றுக்கிழமைகளில் குணம் அண்ணை கதவைத் திறந்து காற்று மாற்றுவார். மூடுமுன், "ஒண்டுமில்லை, படு" என்பார். வேறு யாரிடமும் அவர் அவ்வளவு மென்மையாகக் கதைத்து நான் கேட்டதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. ஆகவே ஊரே சமைத்துக் கொண்டுவந்திருந்தது. மேலே பிரிட்ஜ் நிரம்பி, கீழே போயிருந்தார்கள். கெல்லரில் இறங்கி பிரிட்ஜ் கதவைத் திறந்தேன். திரூடியின் இடத்தில் இரண்டு தட்டு இடியப்பமும் ஒரு சட்டி கத்தரிக்காய்க் குழம்பும் இருந்தன.

மேலே வந்து, "ஆர் பெட்டியை எடுத்தது?" என்றேன்.

குணம் அண்ணையின் மாமி பெருமையோடு சொன்னார்: "நான்தான். பாவம், ஆரோ உள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டினம். விறைச்சுப் போச்சு. ஹீற்றருக்குக் கிட்ட வைச்சிருக்கிறன்."

"மாமி, அது நித்திரை."

"பிரிட்ஜுக்குள்ளையோ?"

"ஓம்."

"இந்த நாட்டிலை ஆமைக்குக்கூட வீட்டுக்குள்ளை படுக்க ஏலாது" என்றார் மாமி.

ஹீற்றரின் அருகே பெட்டி. அதில் ஆறு துண்டு வாழைப்பழம். திரூடியின் பின்னங்கால் ஒன்று மெல்ல அசைந்தது. கீழே பிரிட்ஜ் கதவில் குணம் அண்ணை ஒட்டிவைத்த தாள் இருந்தது: 'கண் முழிக்கேல்லை எண்டால், ஆறவிட்டுத் திரும்ப வை. முழிச்சால் வைக்காதே.' பெட்டியைக் கெல்லரின் குளிர்ந்த தரைக்குக் கொண்டுபோய், பக்கத்தில் குந்தியிருந்து அதன் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே குணம் அண்ணைக்காக அழுதுகொண்டிருந்தார்கள்; நான் அவருடைய ஆமை கண் திறக்கக்கூடாதென்று வேண்டிக்கொண்டிருந்தேன். திறக்கவில்லை. பின்னேரம் குழம்புச் சட்டியை வெளியே எடுத்து, ஆமையை உள்ளே வைத்தேன்.

மேலே வந்தபோது மாமி இராணி அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் அப்பவே சொன்னனான், ஆமை புகுந்த வீடு..." இராணி அக்கா இத்தனை வருடத்தில் அந்த ஆமையை ஒருமுறையும் தொட்டதில்லை. நிமிர்ந்து பார்த்தார். "அது புகேல்லை மாமி. நாங்கள்தான் புகுந்தனாங்கள்." அதன்பின் அந்தப் பழமொழியை யாரும் எடுக்கவில்லை.

தகனத்தன்று சவப்பெட்டியை மூடுமுன் இராணி அக்கா குனிந்து அவர் காதருகே ஏதோ சொன்னார். மந்திரம் என்று பலர் நினைத்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். "ஒண்டுமில்லை. படுங்கோ" என்றார்.

இராணி அக்கா இப்போது வின்டர்தூர் நகரில் மகளோடு நாலாம் மாடியில் இருக்கிறார். திரூடி பிரிட்ஜோடும் பத்திரத்தோடும் துன் நகருக்கு, என்னிடம் வந்துவிட்டது. போன வாரம் கண் விழித்தது; தண்ணீரில் வைத்தேன், குடித்தது; இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு இலையைக் கடித்தது. எனக்கு அறுபத்தொரு வயது. அது என்னையும் கடந்து வாழும். ஆகவே வெயில் விழும் தோட்டமும் என்னைவிடக் குறைந்த வயதும் உள்ளவர்களை இப்போதே தேடத் தொடங்கியிருக்கிறேன். வாழைப்பழத்தோடு வருபவர்கள் வரவேண்டாம்.

குணம் அண்ணையிடமிருந்து என்னிடம் இருப்பவை இவைதான்: ஒரு பிரிட்ஜ், கதவில் ஒரு தாள், புல் தின்னும் ஒரு பொறுப்பு. கார்த்திகையில் அந்தக் கதவை நான் மூடவேண்டும். சொல்ல வேண்டியது தெரியும்.