நாத்தனார் நடத்திய ஆட்டம்

பொறாமை என்று நாகரிகமாகச் சொல்வார்கள். எனக்கு வந்தது சுத்தமான வயிற்றெரிச்சல். அதுவும் என் வீட்டில், என் மேசையில், என் கணவரின் தங்கை மேல் வந்தது. அவள் நல்ல பெண். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வருமோ என்னவோ.

வட்டவளையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு விளையாட்டு நடக்கும். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவோம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இறங்கி, நான் கதவைத் திறக்கிறேன், நான் ஓடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். கதவு திறக்குமா, ஓடித் தப்ப முடியுமா என்பதைப் பகடை சொல்லும். வெளிநாட்டில் இதற்கென்றே கொழுத்த விதிப் புத்தகங்களும், கட்டுக் கட்டாகக் கதைகளும், வரைபடம் வரைகிற மென்பொருள்களும் வெளியாகின்றன. ஓர் இணையத்தளத்துக்காக அவற்றைப் படித்து, விளையாடிப் பார்த்து, தேறுமா தேறாதா என்று எழுதுகிறவள் நான். பிழைப்புக்கு ஆங்கில டீச்சர், பெருமைக்கு இது.

பெருமை இருக்காதா? இலங்கை மலையகத்தில் இந்த வேலையைச் செய்கிற வேறு ஆள் எனக்குத் தெரிந்து கிடையாது. விதி ஒரு தடவை படித்தால் விளங்குகிறதா, கதை ஒரே இருப்பில் முடிகிறதா, வரைபடம் ஆட்டத்துக்கு உதவுகிறதா இல்லை வெறும் படமா என்றெல்லாம் சல்லடை போட்டுப் பார்ப்பேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று பார்ப்பேன்: மேசையில் இருப்பவர்கள் போனை எடுக்கிறார்களா? எடுத்துவிட்டால், எழுதியவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் தேறாது என்றுதான் எழுதுவேன்.

என் கணவர் எப்போதும் எடுப்பார். அவரை நான் கணக்கில் சேர்த்ததில்லை. ஆள் குறைகிறது என்று நான் இழுத்து உட்கார வைத்த மனிதர் அவர். கிரிக்கெட் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டே இருப்பார். உங்க முறை என்று முழங்கையால் இடித்தால், "வெட்டுறேன்" என்பார். எதிரே நிற்பது அரக்கனா, விருந்துக்கு அழைக்க வந்த அரசியா என்றுகூடக் கேட்க மாட்டார். மற்ற இருவர் பரவாயில்லை. பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா காலையில் மாதா கோயில் பூசை முடித்துவிட்டு, நேரே எங்கள் மேசைக்கு வந்து கொலைகாரியாக விளையாடுவார். த்ரீவீல் ஓட்டுகிற தம்பி ஒருவன் வருவான், ஹயர் என்று யாராவது சவாரிக்குக் கூப்பிட்டால் பாதியில் எழுந்து போய்விடுவான். இப்படி நாலு வருடமாக என் ராஜ்ஜியம் நடந்துகொண்டிருந்தது.

ஹட்டனில் ஒரு பேங்கில் வேலை கிடைத்து நாத்தனார் எங்களோடு தங்க வந்தாள். அண்ணனும் தங்கையும் பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்கள். நான் ஹட்டன் டவுனில் கடை வைத்திருந்தவரின் மகள், லயத்துக் கதைகள் எனக்குக் கேள்வி ஞானம்தான். ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கிறாளே என்று அவளையும் ஆட்டத்தில் சேர்த்தேன். விதிப் புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். பத்துப் பக்கம் தாண்டியிருந்தால் பெரிய விஷயம். இதைப் படித்தால் தூக்கம் வருகிறது, நீங்களே சொல்லிவிடுங்கள் என்றாள். நேரத்துக்கு வந்து உட்காரமாட்டாள். வந்தால் வீடு அதிரச் சிரிப்பாள். முறுக்குத் தட்டு அவள் பக்கம் போனால் திரும்பி வராது. இவளால் எனக்கு ஓர் ஆபத்து வரும் என்று யார் நினைப்பார்கள்?

அந்த நாட்களில் ஒரு புது வரைபட மென்பொருளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். மலை, காடு, ஆறு எல்லாம் நிழலோடு வரும். தாள் முழுக்க அறுகோணக் கட்டங்கள், ஒரு கட்டத்தைக் கடக்க ஒரு மணி நேரம் என்பது விதி. இரண்டு வாரம் உட்கார்ந்து ஒரு மலைநாட்டை உண்டாக்கி, ஹட்டனில் கலர் பிரின்ட் எடுத்து வந்து மேசையில் விரித்தேன். அக்கா அதைத் தடவிப் பார்த்து, சாரித் துணி மாதிரி இருக்கிறது என்றார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். எதிரி மலையில் இருக்கும் கோட்டைக்கு இங்கிருந்து ஒரு கட்டம், ஒரு மணி நேரம் என்று அறிவித்தேன்.

என் கணவர் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். நாலு வருடத்தில் முதல் தடவை, என்னில் குற்றம் கண்டுபிடிப்பதற்காக.

"எதுத்த மலைக்கா? கண்ணுக்குக் கிட்டக்கதான் தெரியும். ஆத்துக்கு எறங்கி மறுபடி ஏறணும்ல. ஒரு மணி நேரத்துல யாரு போவா?"

விதி அப்படித்தான் என்றேன். விதி எழுதினவன் மலை ஏறியிருக்கிறானா என்று கேட்டார். தம்பியும் சேர்ந்துகொண்டான், த்ரீவீலில் போனால்கூட முடியாதாம். அரைமணி நேரம் வாக்குவாதம். கடைசியில் நாத்தனார் வாயில் முறுக்கோடு, "அண்ணியோட ஆளுங்களுக்கு றெக்க இருக்கும்ண்ணே, விடுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் மானம் போய்விடுமே.

தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, அடுத்த கிழமை நானும் ஒன்று நடத்திப் பார்க்கவா அண்ணி என்று கேட்டாள். தாராளமாக நடத்து என்றேன். நல்ல மனசோடு சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு தடவை நடத்திப் பார்த்தால்தான் இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், பிறகு வாயை மூடிக்கொண்டு முறுக்குச் சாப்பிடுவாள் என்பது என் எண்ணம்.

அடுத்த ஞாயிறு அவள் வெறும் கையோடு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள். குறிப்பு ஒன்றும் இல்லை, எல்லாம் தலையில் இருக்கிறதாம். மேசை நடுவே பழைய கலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டாள். வெள்ளைப் பக்கம், ஒரு கோடு கிடையாது. பென்சிலை அண்ணன் கையில் கொடுத்தாள். நான் கைகளைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தேன். வரைபடம் இல்லை, குறிப்பு இல்லை, விதி இல்லை. மனசுக்குள்ளே நான் மதிப்புரையை எழுதத் தொடங்கிவிட்டேன்.

"மிஸ்ட் எறங்கிருச்சு" என்று ஆரம்பித்தாள். குரலை ஏற்றவில்லை. "முன்னால நீட்டுன கை தெரியல. தோட்டத்து மேல் டிவிசன்ல ஒரு புள்ளைக்கு வலி கண்டுருச்சு. லொறி மேல வராது. நீங்க நாலு பேரும் கம்பளியில வெச்சு அவள ரோட்டுக்குத் தூக்கிட்டுப் போகணும்."

பாதை எங்கே என்று தம்பி கேட்டான். தெரியாது என்றாள். மூடுபனியில் யாருக்குப் பாதை தெரியும்? கொழுந்து பறிக்கிறவர்கள் அந்த மாதிரி நேரத்தில் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டேதானே நகர்வார்கள், நீங்களும் கூப்பிடுங்கள். ஒருவர் கூப்பிட வேண்டும். நடத்துகிறவரைத் தவிர மற்றவர்களில் யாராவது தன் காதுக்கு என்ன கேட்கிறது என்று பதில் சொல்ல வேண்டும். சொன்னது எதுவோ அது தாளில் வரும். யாரும் பதில் சொல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், ஆபத்தான இடத்தில் மட்டும் பகடை. அவ்வளவுதான் அவளுடைய விதி. ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள்.

என் கணவர் கூப்பிட்டார். வாயால் சொல்வார் என்று பார்த்தால், நிஜமாகவே கைகளைக் குவித்து, முன்னறை கிடுகிடுக்க ஒரு கூக்குரல் கொடுத்தார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு, தண்ணி விழுகிற சத்தம் கேட்கிறது என்றார்.

"பீலி" என்றார் என் கணவர். "அது எங்க பீலி, தண்ணி புடிக்கிற எடம். அதுக்குக் கீழ பதினோராம் லயம்." தாளில் வரைந்தார். மறுபடி கூப்பிட்டார். கோயில் மணி வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு குறுக்குப் பாதை, மழை நாளில் சாக்கை விரித்துச் சறுக்கிக்கொண்டே இறங்குவார்களாம். தங்கை தலையை ஆட்டினாள். அந்தப் பாதையில் விழுந்துதான் அவருக்கு முழங்காலில் தழும்பு வந்ததாம். எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். அந்தத் தழும்பைப் பற்றிக் கேட்டபோதெல்லாம், சின்ன வயதில் விழுந்தேன் என்று மட்டும் சொன்ன மனிதர் இவர். இப்போது தையல்கார அக்காவுக்கும் த்ரீவீல் தம்பிக்கும் விலாவாரியாகச் சொல்கிறார். அவருடைய போன் சமையலறை அலுமாரிக்கு மேலே சார்ஜில் கிடந்தது. அதை அவர் எடுக்கவே இல்லை.

விடுவேனா? ஓட்டை தேடினேன். அதுதானே என் தொழில். ஒரே கூப்பாட்டுக்கு இரண்டு பேர் இரண்டு விதமாகக் கேட்டதாகச் சொன்னால் என்ன செய்வாய் என்று கேட்டேன். நான் படித்த புத்தகங்களில் இந்த மாதிரிச் சிக்கலுக்கு நாலு பக்க விளக்கமும் ஓர் அட்டவணையும் இருக்கும்.

"ரெண்டையும் வரைஞ்சிருங்க அண்ணி. எது நெசம்னு நடந்து பாத்தாத்தான தெரியும்."

அக்கா மேசையில் தட்டி, அதுதானே என்றார். எனக்கு நாத்தனாரை நறுக்கென்று கிள்ள வேண்டும் போல இருந்தது. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! இத்தனை வருடம் இந்த மலைகளுக்கு நடுவே இருந்துகொண்டு, எவனோ சமதரைக்காரன் எழுதிய கட்டங்களைத் தூக்கிக்கொண்டு திரிந்தவள் நான். இந்த விதி எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்? புத்தகம் புத்தகமாகப் படித்தவள் நான். அவள் பத்துப் பக்கம் படிக்கவில்லை.

கடைசி ஆயுதம் ஒன்று வைத்திருந்தேன். எந்தக் கதையைச் சோதித்தாலும் நான் ஒரு தடவை வேண்டுமென்றே கூட்டத்தை விட்டு விலகிப் போவேன். கதை அங்கே அறுந்து தொங்கினால் அது பலவீனமான கதை. நான் கம்பளியை விட்டுவிட்டு மேல்பக்கமாகப் போகிறேன், வேறு பாதை தேடுகிறேன் என்றேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சரி அண்ணி, நீங்கள் தனியாக இருக்கிறீர்கள், ஒன்றும் தெரியவில்லை என்றாள்.

மற்ற மூவரும் பெண்ணைத் தூக்கிக்கொண்டு பாலத்துக்கு இறங்கினார்கள். தம்பியின் போன் அடித்தது. ஹயர். "இப்ப ஏலாது அண்ணே, ஒரு ஆள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன்" என்று சொல்லி வைத்துவிட்டான். ஹயரை விட்ட தம்பியை நான் அன்றுதான் பார்த்தேன்.

பாலத்தில் ஒரு பலகை இல்லை. பகடை உருண்டது. மூவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து, என் முறை வந்ததே என்று நான் கூப்பிட்டேன். வாய்க்குள் முனகவில்லை, கணவரைப் போலவே கையைக் குவித்து நன்றாகத்தான் கூப்பிட்டேன். யாராவது ஒரு வார்த்தை பதில் சொன்னால் போதும், நான் இருக்கும் இடம் தாளில் வந்துவிடும். அக்கா பகடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி அடுத்த பலகையை எண்ணிக்கொண்டிருந்தான். என் கணவர் பென்சிலைக் கடித்துக்கொண்டு, மெதுவா, மெதுவா, புள்ள பயப்படுது என்று காற்றில் ஒரு கம்பளியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாத்தனார் மட்டும் என்னைப் பார்த்தாள். ஆனால் நடத்துகிறவர் பதில் சொல்லக் கூடாது, அது அவள் விதி. விதியை அவள் மீறவில்லை.

ரோட்டுக்கு வந்தார்கள். குழந்தை லொறியிலேயே பிறந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் ஆள் என்ன ஆனாள் என்று கொஞ்சம் கழித்துத் தம்பிதான் கேட்டான். மிஸ்ட் விலகினதும் அவங்களே எறங்கி வந்துருவாங்க என்று நாத்தனார் சொன்னாள். அதற்கும் ஒரு சிரிப்பு.

தேத்தண்ணி ஊற்றினேன். மனசுக்குள் இருந்த மதிப்புரையைப் புரட்டிப் பார்த்தேன். விதி விளங்கியது. ஒரே இருப்பில் முடிந்தது. வரைபடம் உதவியது என்ன, வரைபடமே ஆட்டமாக இருந்தது. ஒரு குறை எழுதலாம் என்று பார்த்தால் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் கிடைக்காதது எனக்கு எவ்வளவு எரிந்தது என்று சொல்லி மாளாது.

அடுத்த கிழமை என்ன ஆட்டம் என்று அக்கா கேட்டார்.

"அண்ணிதான நடத்துவாங்க" என்றாள் நாத்தனார்.

தம்பி கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். சரி, நாமே கொஞ்சம் பெருந்தன்மையாக இருப்போம் என்று, "நீயே நடத்தேன், நல்லாத்தான இருந்துச்சு" என்றேன். ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அப்படிச் சொன்னால் யாராவது, அதெப்படி டீச்சர், நீங்கள் இல்லாமலா என்று சொல்வார்கள் அல்லவா? உலகத்தில் அப்படித்தானே நடக்கும்? அக்கா பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார்.

"நெசமாவா அண்ணி?" என்று நாத்தனார் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

என் கணவர் அந்தக் கலண்டர் தாளை மடங்காமல் சுருட்டி, ரப்பர் பட்டி போட்டார். என் கலர் பிரின்ட் எங்கே கிடக்கிறதோ தெரியாது. பிறகு, நாலு வருடத்தில் ஒரு நாளும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"அடுத்த கெழம எத்தன மணிக்கு?"

நான் நடத்திய காலமெல்லாம் இரண்டு மணிதான். "ரெண்டுக்கு, எப்பவும் போல" என்றேன்.

அவர் தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கொஞ்சம் யோசித்தாள். காலையில் உடுப்புக் கழுவ இருக்கிறது, தலை முழுக வேண்டும், மூன்று மணிக்கு வைத்துக்கொள்வோமா என்றாள். அக்கா சரி என்றார். தம்பிக்கும் அதுதான் வசதியாம். மூன்று மணி என்று முடிவாயிற்று.