வண்டூரில் விற்ற படகு

வண்டூரில் என் படகை வாங்க வந்தவன், பணம் அனுப்பியாகிவிட்டதென்று கைப்பேசியைக் காட்டினான். எனக்கு எதுவும் வரவில்லை.

"நெட் ஸ்லோண்ணே, ஆ ஜாயேகா, வந்துரும்."

இந்தத் தீவில் நெட் என்றைக்கு ஒழுங்காக இருந்தது? நம்பிச் சாவியைக் கொடுத்தேன். பணம் வரவேயில்லை. அந்தத் திருட்டுப்பயல் போனையும் எடுக்கவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் மின்னி பே பகுதியில் இருக்கும் என் வீட்டு வாசலில் வந்து குழைந்தான். பதிவு என் பெயரில் இருந்ததால் படகை அவனால் கடலில் இறக்க முடியவில்லை.

"ஆன்லைன்ல பேரை மாத்திக் குடுங்கண்ணே."

நேராக வங்கிக்கு இழுத்துப்போய்ப் பணத்தைக் கட்டவைத்தேன். முழுப் பணமும் என் கணக்கில் ஏறிவிட்டதென்று கவுன்டரில் இருந்தவர் சொன்னார்.

"இப்ப பேரு?" என்றான்.

கைப்பேசியை எடுத்து, எதையும் தொடாமல் திரும்பச் சட்டைப்பையில் போட்டேன்.

"அனுப்பிட்டேன் தம்பி. நெட் ஸ்லோ, ஆ ஜாயேகா."